எண்பத்து மூன்றாம் கதவின் பூட்ஸ்

நாந்தேர், பாரிஸ் அருகில்
29 அக்டோபர் 1961
தபாலில்

அன்புள்ள ரெபீஹா அக்காவுக்கு உன் தங்கை ஹத்தா எழுதுவது.

உன் மீதும் மச்சான் மீதும் பிள்ளைகள் மீதும் இறைவனின் அமைதி உண்டாகட்டும். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டும் என்று பத்து நாளாக நினைத்து இன்றுதான் உட்கார்ந்தேன்.

அவர் நன்றாக இருக்கிறார். வேலை அதிகம். இப்போது தூங்குகிறார், அதனால் கடிதத்தின் அடியில் வழக்கமாகக் கிறுக்கும் வரி இந்தத் தடவை இருக்காது. எழுப்ப மனம் வரவில்லை. ஸஹியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சின்னவள் உட்காரப் பழகிவிட்டாள். மழை தொடங்கிவிட்டது. அங்கே நீ வாசலில் மணலை அள்ளிக் கொட்டுவதுபோல நான் இங்கே சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கிருந்து நம் ஊருக்கு இந்த மாதம் விமானத்தில் விருந்தாளிகள் நிறையப் பேர் வந்திருப்பதாகக் கேள்வி. யார் யார் வந்தார்கள் என்று ஒருவர் விடாமல் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உடனே பதில் போடு.

ஹத்தா

*

எல் வாதி
11 நவம்பர் 1961
தபாலில்

என் செல்ல ஹத்தாவுக்கு,

இறைவன் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். எனக்கு முழங்கால் வலி, மச்சானுக்கு வழக்கம்போல வாய் வலி. மற்றபடி எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூடக் கிறுக்குகிறவர் ஆயிற்றே. போன தடவை அடியில் என்ன எழுதியிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? "அண்ணி, உங்கள் தங்கை கூஸ்கூஸில் காரத்தைக் கொட்டி எங்களைக் கொல்லப் பார்க்கிறாள்." மச்சான் அதைக் கடைத்தெருவில் பத்துப் பேரிடம் படித்துக் காட்டினார்.

நீ "சும்மா" என்று எழுதினால் அது சும்மா இல்லை. சின்ன வயதில் எழுத்துப் பலகையை உடைத்துவிட்டு வந்து "சும்மா நிக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னவள்தானே நீ. அப்பா குர்ஆன் பள்ளி நடத்தி ஊருக்கெல்லாம் எழுதச் சொல்லிக்கொடுத்தார், உனக்குப் பொய் சொல்லத்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

விருந்தாளிகள் யாரும் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. வழியில் எங்கோ தங்கவைத்திருக்கிறார்களாம். பேரீச்சை அறுப்புக்குப் பெரியவர் துஹாமி அங்கிருந்து கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய கோட்டு கிழிந்திருக்கும். தைத்துக் கொடு.

உன் அக்கா

*

நாந்தேர்
19 நவம்பர் 1961
பெரியவர் துஹாமியின் கோட்டுக்குள்

அக்கா,

தபாலில் போகிற கடிதத்தையெல்லாம் யாரோ பிரித்துப் படித்து ஒட்டி அனுப்புகிறார்கள். இதைக் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைக்கிறேன். அதனால் உள்ளதை எழுதுகிறேன். அவர் வீட்டில் இல்லை. முப்பத்து மூன்று நாள் ஆகிறது.

ஊரில் நடக்கும் விடுதலைச் சண்டையைச் சாக்காக வைத்து, நம்மவர்கள் இரவு எட்டரைக்கு மேல் வெளியே நடமாடக் கூடாது என்று இங்கே உத்தரவு போட்டார்கள். அரபிக்காரனுக்கு மட்டும் ஊரடங்கு. அதை எதிர்த்து பாரிஸுக்குள் ஊர்வலம் போவது என்று முடிவாயிற்று. கையில் ஒரு குச்சிகூட இருக்கக் கூடாது என்றார்கள். அவர் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, சவரம் செய்துகொண்டு, பக்கத்துச் சந்து சாசியோடு கிளம்பினார். "நீ வராத, சின்னது பசிச்சா அழும்" என்றார். சாசியும் திரும்பவில்லை.

எங்கள் பேட்டையில் மரப்பலகையும் தகரமும் தவிர மிச்சமெல்லாம் சேறு. சேற்றுக் காலோடு பஸ் ஏறினால் பேட்டைக்காரன் என்று எல்லோரும் மூக்கைப் பிடிப்பார்கள், வேலையிலும் நிற்கவைக்க மாட்டார்கள். அதனால் ஆண்கள் ரப்பர் பூட்ஸில் ரோடு வரை வந்து, மக்லூஃப் கடைச் சுவரோரம் அதைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல ஷூவை மாட்டிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது மறுபடி பூட்ஸ். எல்லாம் ஒரே கறுப்பு. மாறிப்போகாமல் இருக்க அவரவர் கதவு எண்ணை வெள்ளைச் சாயத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எங்களுடையது எண்பத்து மூன்று. அவர் கூடவே பேரீச்ச நார் ஒன்றையும் முறுக்கிக் கட்டியிருந்தார்.

ஊர்வலத்துக்கு மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மழையில் நனைந்தபடி பூட்ஸ் வரிசை அப்படியே நின்றது. போலீஸ்காரர்கள் ஆற்றில் தள்ளிவிட்டார்கள் என்கிறார்கள். பஸ்ஸில் ஏற்றி எங்கோ அடைத்தார்கள் என்கிறார்கள். விமானத்தில் ஏற்றி ஊருக்கே அனுப்பினார்கள் என்கிறார்கள். அந்தக் கடைசிப் பேச்சைத்தான் நான் நம்புகிறேன்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. இங்கே கடப்பாரைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் வரும். புதிதாக ஒரு பலகை அடித்தாலும் பிடுங்குவார்கள். வீடு காலியானால் அன்றே இடித்துவிடுவார்கள். ஆண் இல்லாத வீடு அவர்களுக்குக் காலி வீடுதான். ஊர்வலம் முடிந்த மூன்றாம் நாள் அவர்கள் சுவரோரம் அனாதையாக நின்ற பூட்ஸின் எண்ணைப் படித்துக்கொண்டு நேரே அந்தந்தக் கதவுக்குப் போனார்கள். இருபத்தொன்பதும் அறுபதும் தரைமட்டம். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களும் பிள்ளைகளும் எங்கே என்று இன்று வரை தெரியாது.

நான் முதல் நாளே அவர் பூட்ஸை எடுத்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து காலையில் குழாய்க்குப் போகும்போது, தண்ணீர் சுமக்கும் பழைய குழந்தை வண்டியில் கேன்களுக்கு அடியில் பூட்ஸை ஒளித்துக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைக்கிறேன். மாலையில் மறுபடி தண்ணீருக்குப் போய் எடுத்து வருகிறேன். சேற்றில் அமுக்கி வாசலில் விடுகிறேன். பார்க்கிறவர்களுக்கு என் புருஷன் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்.

பயமாக இருக்கிறது அக்கா. வாசலில் யார் கால் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். ஊருக்கு வந்துவிடு என்று நீ சொல்வாய். இந்தக் கதவு போய்விட்டால் அவர் திரும்பி வந்து எந்தக் கதவைத் தட்டுவார்?

அவர் அங்கே வந்து சேர்ந்தால், தபாலில் "இந்த வருடம் பேரீச்சை இனிப்பு" என்று எழுது. எனக்கு அது போதும்.

ஹத்தா

*

எல் வாதி
6 டிசம்பர் 1961
தபாலில்

என் ஹத்தாவுக்கு,

இறைவன் உனக்குப் பொறுமையைத் தரட்டும். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. மச்சானுக்கு உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை.

கோட்டு வந்தது. தையல் கெட்டியாக இருந்தது.

உனக்கு நாலு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே மருந்தகத்துக்கு வருகிற டாக்டரம்மா சொன்னாள், குளிரிலும் அடுப்புப் புகையிலும் இருக்கிறவர்கள் கண்ணுக்குச் சுர்மா இடக் கூடாதாம், பார்வை போய்விடுமாம். அதனால் இன்றே நிறுத்திவிடு. மருதாணியும் வேண்டாம், கை வெடிக்கும். அத்தர் பூசாதே, குழந்தைக்கு ஆகாது. நான் அனுப்பிய வெள்ளைச் சால்வை இருக்கிறதல்லவா, அதைப் போர்த்திக்கொள். சாயத் துணியெல்லாம் பெட்டியில் இருக்கட்டும். தண்ணீருக்குப் போவதைத் தவிர வெளியே சுற்றாதே. யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாதே.

என்னடா இவள் மாமியார்போல அதிகாரம் பண்ணுகிறாளே என்று நினைக்காதே. நான் சொன்னால் கேட்பாய்தானே? இந்த ஒரு தடவை ஏன் எதற்கு என்று கேட்காமல் கேள்.

சின்னவளுக்குப் பால் குறையாமல் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன்னை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

அக்கா

*

நாந்தேர்
17 டிசம்பர் 1961
தபாலில்

அக்காவுக்கு,

ஸலாம். மச்சான் உடம்பு தேறியதா?

நான் பேரீச்சையைப் பற்றிக் கேட்டால் நீ சுர்மாவைப் பற்றி எழுதுகிறாய். என் கல்யாணத்தன்று என் கண்ணில் சுர்மா இழுத்துவிட்டவளே நீதான். "புருஷன் இருக்கறவ கண்ணு வெறிச்சுன்னு இருக்கக் கூடாதுடி" என்று சொன்னவளும் நீதான். இப்போது எந்த டாக்டரம்மாவோ சொன்னாளாம்! சரி, நிறுத்திவிட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தால் எனக்கே யாரோபோல இருக்கிறது.

ஸஹியாவுக்கு அட்டைப்பெட்டியில் கரியால் எழுத்துச் சொல்லித்தருகிறேன். அப்பாவைப்போல காதைத் திருகாமல் சொல்லித்தர வரவில்லை.

பக்கத்து எண்பத்து நாலாம் வீட்டுக் கம்சா கொஞ்ச நாளாக என்னையே பார்க்கிறாள். குழாயடியில் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். நான் வண்டியை நகர்த்தினால் அவளும் நகர்த்துகிறாள். அவள் வாய் இருக்கிறதே, அதில் விழுந்தது பேட்டை முழுக்கப் போய்விடும். எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

சாசி உங்கள் பக்கம் வந்து சேர்ந்ததாக ஒருவர் சொன்னார். உண்மையா? ஒரு வரி எழுதேன்.

ஹத்தா

*

நாந்தேர்
8 ஜனவரி 1962
ஊருக்கு வரும் ஒரு பெண்ணிடம் மாவு டப்பாவுக்குள்

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. இங்கே எல்லோருக்கும் ஒரே முகவரிதான், மக்லூஃப் கடை. மக்லூஃப் தினமும் படியில் நின்று கடிதம் வந்தவர்களின் பெயர்களைக் கூப்பிடுகிறார். நான் கடைசிப் பெயர் வரை நின்றுவிட்டு வருகிறேன்.

போன வியாழக்கிழமை கம்சா என் வண்டியை ஒரு கையால் பிடித்து நிறுத்திவிட்டாள். பெரிய உடம்பு, குரலும் அப்படியேதான். ஆனால் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"ஏண்டி ஹத்தா, உன் புருஷன் காலைக் கழட்டி உன் வண்டியில போட்டுட்டுத்தான் வேலைக்குப் போறானா?"

"தண்ணிக் கேனுதான் இருக்கு" என்றேன்.

"கேனுக்கு வாலு மொளச்சிருக்கே. நார் வெளிய தொங்குதுடி, கிறுக்கி."

நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவள் குனிந்து அந்த நாரை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு தன் வண்டியிலிருந்த சாக்கை லேசாகத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு ஜோடி பூட்ஸ். எண்பத்து நான்கு.

அவள் வீட்டிலிருந்து தினமும் ஒரு ஆண் இருமல் கேட்கும். அவள் புருஷன் என்றுதான் நினைத்திருந்தேன். அவளேதான் இருமுகிறாளாம்.

"வெறும் பூட்ஸைச் சேத்துல அமுக்கினா ஓரத்துலதான் ஒட்டும். உள்ள ரெண்டு கல்லைப் போட்டு அமுக்கு. ஆம்பளை கனம் வேணாமா? உன் பூட்ஸைப் பாத்தா பேய் நடந்து வந்த மாதிரி இருக்கு. நாலு வாரமா உன்கிட்ட சொல்லணும்னு பின்னாடியே அலையறேன், நீ என்னமோ போலீஸைப் பாத்த மாதிரி ஓடற."

நாங்கள் இரண்டு பேரும் குழாயடியில் நின்று சிரித்தோம் அக்கா. சிரிப்பு நிற்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்தேன். எந்த பூட்ஸ் தானாக நடந்து வந்தது, எது வண்டியில் வந்தது என்று பார்க்கும் கண் எனக்கு இப்போது வந்துவிட்டது. பதினோரு ஜோடி வண்டியில் வந்தவை. அவ்வளவு பேரும் குழாயடியில் என்னோடு நிற்கிறவர்கள். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

ஆனால் கடப்பாரைக்காரர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவர்களுடைய மீசைக்காரன் நேற்று சந்து முனையில் நின்று கத்திவிட்டுப் போனான். "இருபத்தெட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை காலைல வருவோம். எல்லாருக்கும் லீவுதானே? பூட்ஸ் வேணாம், ஆளைக் காட்டுங்க." ஆளைக் காட்டாத கதவு அன்றே போய்விடும்.

கம்சா ஒரு யோசனை வைத்திருக்கிறாள். ஆண்கள் தங்கும் அறையில் சமைக்கும் வயதானவர் அமோரை என் வீட்டில் படுக்கவைக்க வேண்டுமாம். அந்நிய ஆண் அவர் போர்வையில் படுப்பதா? என்ன செய்யட்டும், சொல்.

ஹத்தா

*

எல் வாதி
20 ஜனவரி 1962
தபாலில்

ஹத்தாவுக்கு,

மாவு டப்பா வந்து சேர்ந்தது. எல்லோரும் இருக்கிறோம்.

சாசி வந்தான். வந்து நாளாகிவிட்டது, நான் எழுதவில்லை, என்னைத் திட்டு. இளைத்துப் போயிருக்கிறான். இடது கை தூக்க வரவில்லை. நம் வீட்டில் சாப்பிட்டான், மச்சானோடு கொல்லையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினான். உன்னை விசாரித்தான், பிள்ளைகளை விசாரித்தான். விளக்கில் எண்ணெய் குறைகிறது, அதனால் சாசியைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்த வயதானவர் விஷயம். மற்ற நாளாக இருந்தால் வேண்டாம் என்பேன். இந்த நாட்களில் கட்டாயம் வேண்டாம் என்பேன். ஆனால் வீடும் வேண்டுமே. கம்சா கூடவே இருக்கட்டும், நீ அவரோடு தனியாக இருக்காதே, வேலை முடிந்ததும் அனுப்பிவிடு. இறைவன் நிலைமையை அறிவான்.

இன்னொன்று. வருகிற வெள்ளிக்கிழமை அப்பா பேரில் கூஸ்கூஸ் செய்து ஏழு வீட்டுக்குச் சதக்கா தர்மமாகக் கொடு. கறி கிடைக்காவிட்டால் கொண்டைக்கடலை போதும். காரம் குறைத்துப் போடு.

சுர்மா இடவில்லைதானே?

அக்கா

*

நாந்தேர்
5 பிப்ரவரி 1962
ஊர்ப் பக்கம் பிஸ்க்ரா வரை போகும் ஒருவரின் தொப்பிக்குள்

அக்கா,

வீடு நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை. எண்பத்து மூன்று, எண்பத்து நாலு, எண்பத்தைந்து, இந்த மூன்றும் ஒரே வரிசையில் பலகைக்குப் பலகை ஒட்டி நிற்கிற வீடுகள். மூன்றிலும் ஆண் இல்லை. கம்சா முந்தின நாளே வீடுகளுக்கு நடுவிலிருக்கும் பலகைகளின் ஆணியைத் தளர்த்திவைத்திருந்தாள். அமோர் என் வீட்டில் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். வயதானவர், நெஞ்சுச் சளி நிஜமாகவே உண்டு. கம்சா மூலையில் நின்றாள்.

மீசைக்காரன் எட்டிப் பார்த்தான். "யாரு இது?" என்றான். "வீட்டுக்காரர், காய்ச்சல்" என்றேன். அவன் உள்ளே ஒரு கால் வைத்தான். அப்போது ஸஹியா எழுந்து நின்றாள். "இது எங்கப்பா இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட வந்தவனுக்கு நம் பாஷை தெரியும். அவளிடம் முன்கூட்டியே எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அவள் போய் அந்தக் கிழவரின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் அப்பாவுக்குப் பிடித்துவிடுவதுபோலப் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். போர்வைக்குள் அமோர் குலுங்கினார். இருமல் என்று அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் கம்சா கதவுக்குச் சுற்றி வருவதற்குள் பலகையை நகர்த்தி அவரை அந்தப் பக்கம் தள்ளினோம். அங்கே தொப்பி மாற்றிக்கொண்டு படுத்தார். பிறகு எண்பத்தைந்து. அங்கே மீசைக்காரன் நின்றுவிட்டான்.

"என்ன இது, இந்த வரிசையில எல்லாருக்கும் ஒரே இருமலா?"

கம்சா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே குழாய்தானே வச்சிருக்கீங்க? அப்புறம் இருமல் மட்டும் ஆளுக்கொரு தினுசா வருமா?"

அவன் நோட்டை மூடிக்கொண்டு போனான். ஆனால் கீழ்ச்சந்தில் நூற்றுப் பன்னிரண்டை இடித்துவிட்டார்கள். அந்தப் பெண் கடைசி வரை பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் செய்து ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். அப்பா இறந்தது கோடையில், அக்கா. இது குளிர்காலம். ஆனாலும் கொடுத்தேன்.

சுர்மா இடவில்லை. வெள்ளைச் சால்வைதான். இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

நாளைக்கு நோன்பு தொடங்கும் என்கிறார்கள். உனக்கும் எல்லோருக்கும் நோன்பு நல்லபடியாக அமையட்டும்.

ஹத்தா

*

எல் வாதி
12 பிப்ரவரி 1962
தபாலில்

என் கண்ணே ஹத்தா,

உன் தொழுகையையும் நோன்பையும் இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்.

குளிர் குறைந்துவிட்டது. பதினேழாம் நோன்பு அன்று, நோன்பு திறந்த பிறகு, தலைக்குக் குளி. பெட்டியிலிருக்கும் சாயத் துணியை எடுத்து உடுத்திக்கொள். அத்தர் பூசிக்கொள். கண்ணுக்குச் சுர்மா இட்டுக்கொள். இனி ஒன்றும் ஆகாது.

பேரீச்சையைப் பற்றி எழுத எனக்கு இந்த வருடம் ஒன்றும் இல்லை.

உன் அக்கா

*

நாந்தேர்
25 மார்ச் 1962
தபாலில்

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்திருக்கும். இதைத் தபாலில்தான் போடுகிறேன். பிரிக்கிறவன் பிரித்துப் படிக்கட்டும்.

பதினேழாம் நோன்பு அன்று நீ சொன்னபடி குளித்தேன். கண்ணாடி முன் உட்கார்ந்து சுர்மா இட்டேன். கம்சா எட்டிப் பார்த்து, "என்னடி, ஆளு வந்துட்டானா?" என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். விரலை மடக்கி எண்ணினாள். நாலு மாதம் பத்து நாள். எண்ணி முடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா, அப்பா நம் இருவருக்கும் ஒரே பலகையில்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். புருஷனை இழந்தவள் எத்தனை நாள் இத்தா இருக்க வேண்டும், எதையெல்லாம் விட வேண்டும் என்று உன்னைப்போல நானும் படித்தவள். சுர்மா வேண்டாம் என்று எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஜனவரியில் அப்பா பேரில் சதக்கா கொடு என்றபோது புரிந்துவிட்டது. எனக்கே தெரியாமல் என்னை இத்தா இருக்கவைத்துவிட்டதாக நீ நினைத்திருப்பாய். கடைசி நாலு வாரம் தெரிந்தேதான் இருந்தேன். கேட்டால் நீ சொல்ல வேண்டிவரும். சொன்னால் நான் அழ வேண்டிவரும். பலகைச் சுவரில் அழுகை நிற்காது, வரிசை முழுக்கக் கேட்கும், கதவு போய்விடும். அதனால் கேட்கவில்லை. நீ அதை எழுதாத வரை அவர் தினமும் காலையில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

போன திங்கட்கிழமை ஊரில் சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். பேட்டையே சேற்றில் ஆடியது. அன்று மாலை நாங்கள் யாரும் தண்ணீர் வண்டியோடு போகவில்லை. பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. வேலைக்குப் போன ஆண்கள் வந்து அவரவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்கள். பிறகு சுவரோரம் பத்து ஜோடி மிச்சம் நின்றது. மக்லூஃப் படியில் வந்து நின்றார். எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. கம்சாதான் முதலில் குரலெடுத்தாள். ஐந்து மாதம் இருமினவள் அன்றைக்கு அழுதாள். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் அழுதோம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கடப்பாரைக்காரர்கள் இரண்டு வாரமாக வரவில்லை. வருவார்கள். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கதவில் எண்ணுக்குக் கீழே என் பெயரைக் கரியால் எழுதிவிட்டேன். அப்பா சொல்லிக்கொடுத்த பெரிய எழுத்தில்.

அவர் பூட்ஸை அன்றைக்கு நான் வண்டியில் கொண்டுவரவில்லை. துணியைத் திணித்துக்கொண்டு காலில் போட்டு நடந்து வந்தேன். கனமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன், நீ சொல்லித்தான் ஆக வேண்டும். சாசியிடம் கேள், அவரைத் தள்ளியது எந்தப் பாலத்தில்? இங்கே ஆற்றுக்கு நிறையப் பாலங்கள் இருக்கின்றன. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்காக ஒரு பாத்திஹா ஓத வேண்டும். எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. அந்தப் பெயரை மட்டும் எழுது.

மச்சான் உடம்பைப் பார்த்துக்கொள். உன் முழங்காலையும்.

உன் ஹத்தா

அடியில் கிறுக்கியிருப்பது ஸஹியா. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் எழுதும்போது சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவார், அதைக் கேட்டுவைத்திருக்கிறாள்.

பெரியம்மா உங்க தங்கை காரத்தைக் கொட்டி எங்களைக் கொல்லப் பாக்கறா